கவர் இல்லாம சாம்பார் கட்டுறது எப்படி

யூஸ் அண்ட் த்ரோ சாமான் விக்கிற தொழில்ல ஒரு விசேஷம் இருக்கு: ஜனங்க சாமானைத் தூக்கி எறியுறதுக்கு முன்னாடி, கடைக்காரங்க சேல்ஸ்மேனை எறிஞ்சு கை பழகிக்குவாங்க. நான் அந்த சேல்ஸ்மேன். பாக்குமட்டைத் தட்டு, பேப்பர் கப்பு, கரும்புச் சக்கை டப்பா, இதெல்லாம் ஒரு பையில போட்டுக்கிட்டு பெங்களூரு பூரா ஸ்கூட்டர்ல சுத்துறவன். இந்தக் கதையில உங்களுக்கும் பங்கு உண்டுங்க. ஓட்டல் சாம்பார் கவர்ல போட்ட முடிச்சை அவுக்கத் தெரியாம பல்லால கடிச்சு, சட்டையில பீச்சிக்கிட்டு, வீட்டுல திட்டு வாங்கினவங்கதானே நீங்களும்? வாங்க, பக்கத்துல உக்காருங்க. நாம எல்லாம் ஒரே கட்சி.

பச்சை பெயின்ட்

நான் இன்ஜினியரிங்கைப் பாதியில விட்டவன். விட்டேன்னு நான் சொல்றேன், காலேஜ்காரங்க வேற மாதிரி சொல்லுவாங்க. அதுக்கப்புறம் சாப்பாடு டெலிவரி, கால் சென்டர், நாய்க்கு வாக்கிங் கூட்டிட்டுப் போறதுன்னு எல்லா வேலையும் பார்த்தாச்சு. நாய் மட்டும்தான் என்கிட்ட மரியாதையா நடந்துச்சு. எங்கப்பா கோலார் தங்க வயல்காரர். 'பூமிக்கு அடியில வேலை பார்த்த குடும்பத்துல மேல கூட ஒழுங்கா வேலை பாக்காத மொத ஆள் நீதான்டா'ன்னு சொல்லிச் சொல்லி அவருக்கே அலுத்துப் போச்சு.

அப்பதான் ஆஸ்டின் டவுன்ல வின்சென்ட் அண்ணன் கடையில ஆள் வேணும்னாங்க. அவரு ரொம்ப வருஷமா பிளாஸ்டிக் கவர் மொத்த யாவாரம். தடை வந்துச்சு, நியூஸ்ல ஏரியெல்லாம் நுரை தள்ளுறதைக் காட்டினாங்க, மாட்டு வயித்துல கவர் எடுத்ததைக் காட்டினாங்க, ஜனங்க கடைக்குக் கடை கேள்வி கேக்க ஆரம்பிச்சாங்க. அண்ணன் ஒரு ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போயிட்டு வந்து, கடை போர்டை இறக்கி, பச்சை பெயின்ட் அடிச்சு, சுற்றுச்சூழலைக் குறிக்கிற 'ஈகோ'வைக் கடைப் பேருக்கு முன்னாடி ஒட்டிட்டாரு. ஒட்டினதோட நிக்கல, சரக்கையும் நெஜமாவே மாத்திட்டாரு. இன்டர்வியூவுல நான் பயந்துக்கிட்டே, டிகிரி இல்லைன்னு சொன்னேன். அவரு என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டுச் சொன்னது: "பாதியில விட்டவன்தான்டா எனக்கு வேணும். முழுசாப் படிச்சவன் ரெண்டு பேர் வந்தான், கஸ்டமர் திட்டினதும் லஞ்சுக்குப் போனவன் வரவே இல்ல."

சாம்பாருக்கு ஒரு வழி

அல்சூர்ல மார்க்கெட் பக்கத்துச் சந்துல கனகா அக்கா மெஸ்ஸு இருக்கு. உள்ள டேபிள் போட எடமே இல்ல, அதனால யாவாரம் முக்காவாசி பார்சல்தான். சுத்தி இருக்கிற பிஜி ஹாஸ்டல் பசங்க பொண்ணுங்க எல்லாம் அக்கா கை சாம்பார்லதான் உசுரோட இருக்காங்க. அவங்க வீட்டுக்காரரு முருகேசன் மாமா கட்டட வேலையில முதுகைப் போட்டுக்கிட்டு, இப்போ ஸ்டூல்ல உக்காந்து வெங்காயம் உரிக்கிறாரு. குடும்பம் மொத்தமும் அந்த ஒரு அடுப்புலதான் ஓடுது.

நான் போன அன்னைக்குக் காலையிலதான் ஹெல்த் ஆபீசர் வந்து கவர் கட்டை எல்லாம் அள்ளிட்டு, ஃபைன் போட்டுட்டு, இன்னொரு தடவை கவர் பார்த்தா கடைக்கு பூட்டுன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. அந்த நேரம் பார்த்து நான் பல்லைக் காட்டிக்கிட்டு, "வணக்கம்க்கா, ஈகோ!"ன்னு நிக்கிறேன். கையில இருந்த கரண்டி என் மேல வராததுக்கே முருகனுக்கும் மாதாவுக்கும் சேர்த்து நன்றி சொன்னேன். அக்கா பையில இருந்த ஒவ்வொரு சாமானையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. அப்புறம் சொன்னாங்க: "இட்லியை எலையில மடிச்சிருவேன், வடையைப் பேப்பர்ல சுத்திருவேன், சட்னியைக் கூட எப்டியோ சமாளிச்சிருவேன். இந்த சாம்பாருக்கு மட்டும் ஒரு வழி சொல்லு தம்பி, உன்னை என் கூடப் பொறந்தவனா நெனச்சுக்கிறேன்."

பேப்பர் கப்பு

கூடப் பொறந்தவன் மொதல்ல கொண்டு போனது பேப்பர் கப்பு. இதுல ஒரு சிக்கல் இருக்கு. சாதாரண பேப்பர் கப்புக்கு உள்பக்கம் மெல்லிசா பிளாஸ்டிக் பூசியிருப்பாங்க. வெளியில சாமியார், உள்ள வேற ஆளு. அது வேணாம்னு, பூச்சே இல்லாத சுத்தமான கப்பு வரவழைச்சோம். டீ ஊத்திப் பார்த்தோம், நின்னுச்சு. தண்ணி ஊத்திப் பார்த்தோம், நின்னுச்சு. சாம்பார்ல எண்ணெய் இருக்கும், புளி இருக்கும், கொதிக்கக் கொதிக்க வரும்னு எங்க மூளைக்கு எட்டல.

ஸ்ரீதர்னு ஒரு பையன், பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கிறான், அக்காவோட தெனப்படி கஸ்டமர். அவன் அந்த கப்பைப் பையில நிமித்தி வெச்சு, பஸ்ல நின்னுக்கிட்டே போயிருக்கான். சில்க் போர்டு சிக்னல் தாண்டுறதுக்குள்ள கப்பு கஞ்சியாயிருச்சு. சாயங்காலம் புக்கை எடுத்துக் காட்டினான். பக்கத்துக்குப் பக்கம் மஞ்சளா, ஒரு முருங்கைக்காய்த் துண்டோட இருந்துச்சு. அடிப்பான்னு நெனச்சு ஹெல்மெட்டைக் கூட கழட்டாம நின்னேன். அவன் அமைதியாச் சொன்னான்: "அண்ணா, இனிமே எக்ஸாம் ஹால்ல எதை நெனச்சாலும் எனக்குப் பெருங்காய வாசனைதான் வரும்."

மக்குற கவர்

அடுத்தது மக்காச்சோள மாவுல செஞ்ச கவர். பார்க்க பிளாஸ்டிக் மாதிரியே இருக்கும், ஆனா மக்கிப் போகும்னு கம்பெனிக்காரன் சொன்னான். அக்கா கடை வாசல்ல, மதியக் கூட்டத்துக்கு நடுவுல நின்னு, நான் மேஜிக் ஷோ நடத்துறவன் மாதிரி பேசினேன். "பாருங்க சார், பாருங்க மேடம், மண்ணுல போட்டா மண்ணோட மண்ணாயிரும்!" அக்கா ஒரு கரண்டி கொதிக்கிற சாம்பாரை அதுல ஊத்தினாங்க.

கவர் கொஞ்சம் கொஞ்சமா நீள ஆரம்பிச்சுது. யோகா பண்ற மாதிரி நிதானமா, மூச்சை இழுத்து விட்டு, கீழ இறங்கிக்கிட்டே போச்சு. கியூவுல இருந்தவங்க ஒவ்வொருத்தரா காலைப் பின்னாடி வெச்சாங்க. தரையைத் தொடுறதுக்குள்ள முருகேசன் மாமா ஸ்டூல்ல உக்காந்தபடியே ஒரு குண்டானை அடியில தள்ளினாரு. முதுகு வலிக்காரர் அன்னைக்கு அவ்ளோ வேகமா குனிஞ்சதை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். அக்கா கையில மிச்சமிருந்த கவரோட காதைப் பார்த்துட்டு: "மண்ணுல போடுற வரைக்கும் பொறுக்கலையே தம்பி, என் கையிலயே மக்கிருச்சே!"

உறுதிமொழி எடுத்த தட்டு

இதுக்கு நடுவுல வைட்ஃபீல்டுல ஒரு பெரிய ஐடி கம்பெனியில 'பிளாஸ்டிக் இல்லா வாரம்' கொண்டாடினாங்க. பாக்குமட்டைத் தட்டு சப்ளை எங்களுது. அந்த ஆபீஸ் மெயின்டனன்ஸ் பார்க்கிறவங்க மீரா மேடம், மைசூர்க்காரங்க, தமிழும் கன்னடமும் கலந்து பேசுவாங்க. நல்ல மனுஷி. ஆனா அவங்க கம்பெனியில ஒரு ரூல் இருந்துச்சு: கேன்டீனுக்குள்ள போற எந்தச் சாமானும் ஒவ்வொண்ணா சீல் பண்ணித்தான் போகணும். எதால சீல் பண்றதுன்னு ரூல்ல இல்ல. நாங்களும் கேக்கல, அவங்களும் சொல்லல. வின்சென்ட் அண்ணன் பழைய மெஷினைத் தூசி தட்டி, ஒவ்வொரு மட்டைத் தட்டுக்கும் பளபளன்னு ஒரு பிளாஸ்டிக் உறை போட்டுட்டாரு.

விழா அன்னைக்கு மேடையில பெரிய ஆபீசர் நிக்கிறாரு. எல்லாரும் தட்டைக் கையில தூக்கிப் பிடிச்சு, "இனி ஒரு முறை உபயோகிக்கும் பிளாஸ்டிக்கைத் தொட மாட்டேன்"னு இங்கிலீஷ்ல உறுதிமொழி எடுக்கிறாங்க. எடுத்து முடிச்சதும் சாப்பாடு. அவ்ளோ பேரும் ஒரே நேரத்துல உறையைக் கிழிச்சாங்க பாருங்க, 'சர்ர்ர்'னு மழை பெய்ற மாதிரி ஒரு சத்தம். மைக் வேற ஆன்ல இருந்துச்சு. எல்லாரும் கையில இருந்த உறையைப் பார்க்கிறாங்க, பெரிய ஆபீசர் மீரா மேடத்தைப் பார்க்கிறாரு, மேடம் என்னைப் பார்க்கிறாங்க, எனக்குப் பார்க்க ஆள் இல்லாம நான் சாம்பாரைப் பார்த்தேன்.

எனக்கு வேலை போச்சுன்னுதான் நெனச்சேன். ஆனா மேடம் என்னை ஒரு ஸ்டோர் ரூமுக்கு இழுத்துட்டுப் போய், கதவைச் சாத்திட்டு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாங்க. அந்த ரூம் பூரா எவர்சில்வர் டப்பா. முன்னாடி ஒரு வருஷம் இதே மாதிரி வாரத்துக்கு, ஸ்டாஃபுக்குக் குடுக்க வாங்கினதாம். ரப்பர் வளையம் போட்ட மூடி, ரெண்டு பக்கமும் கிளிப்பு, தலைகீழாப் பிடிச்சாலும் சொட்டாது. குடுக்குறதுக்குள்ள கம்பெனி பேரை மாத்திட்டாங்க, டப்பா மேல பழைய பேர் இருக்கு. யாருக்கும் குடுக்க முடியல, தூக்கிப் போட மனசு வரல. எனக்கு அந்த நிமிஷம் வேற எதுவும் தோணல, கனகா அக்கா கரண்டிதான் தெரிஞ்சுது. கேட்டே கேட்டுட்டேன். மேலே இருக்கிறவங்ககிட்ட ஃபோன்லயே பர்மிஷன் வாங்கிட்டு மேடம் சொன்னாங்க: "தகொண்டு ஹோகப்பா, எல்லாத்தையும் எடுத்துட்டுப் போ, இந்த வாரத்துல நாங்க பண்ண ஒரே உருப்படியான காரியம் இதுவா இருக்கட்டும்."

முதலாளி

இப்போ ஒரு பிரச்சனை. நான் விக்கிறது தூக்கிப் போடுற சாமான். கழுவிக் கழுவி உபயோகிக்கிற டப்பாவைக் கொண்டு போய் கஸ்டமருக்கு சும்மா குடுத்தா, அந்தக் கஸ்டமர் அப்புறம் என்கிட்ட எதுக்குக் கப்பு வாங்கணும்? இது தெரிஞ்சேதான் வின்சென்ட் அண்ணன்கிட்ட வண்டி கேட்டேன். அவரு, "உன்னை வேலைக்கு வெச்சது விக்கிறதுக்கா, விக்காம இருக்கிறதுக்கா?"ன்னாரு. நான் கனகா அக்கா கடையைப் பத்திச் சொன்னேன். பூட்டைப் பத்திச் சொன்னேன். முருகேசன் மாமா குனிஞ்சதைச் சொன்னேன்.

அவரு வண்டிச் சாவியை எடுத்தாரு, தானே வைட்ஃபீல்டு வரைக்கும் வந்தாரு, தானே டப்பாவைத் தூக்கி ஏத்தினாரு. திரும்பி வர்றப்போ நான் ஓட்டுறேன், மாரத்தஹள்ளி டிராஃபிக்ல நிக்கிறோம், பின்னாடி டப்பா எல்லாம் கலகலன்னு சிரிக்குது. அண்ணன் ரோட்டைப் பார்த்துக்கிட்டே சொன்னாரு: "சொந்த டீசல் போட்டு சொந்த யாவாரத்துக்கே குழி தோண்டுறவன் இந்த ஊர்லயே நான் ஒருத்தன்தான்டா, பள்ளத்தைப் பார்த்து ஓட்டு, டப்பா நசுங்கிரப் போகுது."

ஃப்ரீ கிஃப்ட்

அக்கா சாம்பாரை டப்பாவுல ஊத்திக் குடுக்க ஆரம்பிச்சாங்க. ஒரு பொட்டு சிந்தல. கஸ்டமர் கிட்ட ஏதாவது அட்வான்ஸ் வாங்கி வெச்சுக்கோங்கக்கான்னு சொன்னேன். "சோறு போடுற எடத்துல அடமானம் வாங்க மாட்டேன்"னுட்டாங்க. திரும்பி வராதுன்னு நான் சொன்னேன். எனக்கு பிஜி பசங்களைத் தெரியும், நானே அதுல இருந்தவன். ராத்திரி தூங்கினவன் காலையில ஹைதராபாத்ல எந்திரிப்பான்.

நான் சொன்னதுதான் நடந்துச்சு. போன டப்பா போனதுதான். அலமாரி காலியாக ஆக அக்கா முகம் சின்னதாப் போயிட்டே இருந்துச்சு. ஆபீசர் எப்போ வேணாலும் வருவாரு. டப்பா தீர்ந்தா மறுபடியும் கவர், இல்லைன்னா சாம்பாரே கிடையாது. பொறுக்க முடியாம ஸ்ரீதரோட பிஜிக்குப் போனேன். அங்க போனா, ஒரு டப்பாவுல பேனா நிக்குது. ஒண்ணுல சோப்பு. ஒண்ணுல மணி பிளான்ட் வளருது, நல்லா கொழுகொழுன்னு. 'ஏன்டா திருப்பித் தரல?'ன்னு கேட்டேன். ஸ்ரீதர் நெஜமாவே முழிச்சான். பெங்களூர்ல கம்பெனி பேர் போட்ட எதுவா இருந்தாலும், பையோ பாட்டிலோ பனியனோ, அது ஓசின்னு இந்த ஊர்ப் பசங்க ரத்தத்துலயே ஊறிப் போச்சு. அவன் டப்பா மேல இருந்த பேரைக் காட்டிச் சொன்னான்: "ஏதோ கம்பெனி விளம்பரத்துக்குக் குடுக்குதுன்னு நெனச்சோம்ணா, அக்காவோடதுன்னு தெரிஞ்சிருந்தா இந்தச் செடியை வேற எங்கயாவது நட்டிருப்பேனே!"

ஒரு கரண்டி

ஸ்ரீதரே மாடி மாடியா ஏறி டப்பாவை எல்லாம் வசூல் பண்ணிக் குடுத்தான். மணி பிளான்ட்டைத் தண்ணிப் பாட்டிலுக்கு மாத்தினான். அந்தப் பையனுக்கு என் நன்றி. அடுத்து என்ன பண்றதுன்னு நான் ஸ்டிக்கர், பெயின்ட்னு யோசிக்கிறேன். அக்கா யோசிக்கவே இல்ல. மொத்தத்தையும் மூட்டை கட்டிக்கிட்டு, மார்க்கெட்டுல இருக்கிற பாத்திரக்கடைக்கு நடந்தாங்க. பேர் வெட்டுறதுக்கு.

நம்ம வீடுகள்ல தெரியும்ல, எவர்சில்வர் பாத்திரத்துல பேர் வெட்டாம வீட்டுக்குள்ள சேர்க்க மாட்டாங்க. ஆனா பாத்திரக்கடையில ஒரு சட்டம் உண்டு: அவங்ககிட்ட வாங்கின சாமானுக்குத்தான் பேர் வெட்டுவாங்க. கடைக்காரர் சாதிக் பாய், அவரும் அக்கா சாம்பார் சாப்பிடுறவர்தான், ஆனா சட்டம் சட்டம்னாரு. அக்கா சுத்திப் பார்த்துட்டு, ஒரு கரண்டியை எடுத்தாங்க. "இதை வாங்கிக்கிறேன் பாய், பேர் வெட்டுங்க. அப்டியே இதுங்களுக்கும்"னு மூட்டையை அவுத்தாங்க. டப்பா உருண்டு உருண்டு கடை வாசல் வரைக்கும் போச்சு. பாய் மெஷினைக் கையில பிடிச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் பார்த்தாரு. அப்புறம் கண்ணாடியைத் தொடச்சுப் போட்டுக்கிட்டு, கம்பெனி பேருக்கு மேலயே 'கனகா, அல்சூர்'னு வெட்ட ஆரம்பிச்சாரு: "அம்மா, ஒரு கரண்டிக்கு ஒரு பேர்தான் ஃப்ரீ, நீங்க கரண்டியோட சம்பந்தி வீட்டையே கூட்டிட்டு வந்திருக்கீங்களே!"

காலியா வராத டப்பா

அதுக்கப்புறம் நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லைங்க. டப்பா திரும்பி வந்துச்சு. வந்தது மட்டுமில்ல, காலியா வரல. பேர் வெட்டின பாத்திரம்னா அது ஒரு வீட்டுப் பாத்திரம். வீட்டுப் பாத்திரத்தைக் காலியாத் திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு தமிழ்க்காரன், கன்னடக்காரன், தெலுங்குக்காரன் எல்லாரையும் அம்மாங்க ஒரே மாதிரி அடிச்சு வளர்த்திருக்காங்க போல. ஒருத்தன் ரெண்டு கொய்யா போட்டுக் குடுத்தான். ஒரு பொண்ணு ஊருக்குப் போயிட்டு வந்து எள்ளுருண்டை வெச்சுது. ரம்ஜானுக்கு ஒரு டப்பா சேமியாவோட வந்துச்சு. ஒண்ணுமே இல்லாத ஒரு பையன் ஒரு பிடி சர்க்கரை போட்டிருந்தான், அவன் ஹாஸ்டல் மெஸ்ல திருடினதுன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

முருகேசன் மாமா ஸ்டூல்ல உக்காந்து ஒவ்வொரு மூடியாத் திறந்து பார்த்து, உள்ள இருக்கிறதை எடுத்து வெச்சுட்டு, சுடுதண்ணியில போடுவாரு. இவ்ளோ சந்தோஷமா பாத்திரம் கழுவுற மனுஷனை நான் பார்த்ததே இல்ல. பக்கத்து ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கிற ஷைனி ஒரு நாள் டப்பா நெறைய நேந்திரங்கா சிப்ஸ் கொண்டு வந்துச்சு. இதெல்லாம் எதுக்கும்மான்னு அக்கா கூச்சப்பட்டாங்க. ஷைனி சொன்னது: "சேச்சி, பேர் வெட்டின பாத்திரத்தை வெறும் பாத்திரமாக் குடுத்தேன்னு தெரிஞ்சா, எங்க அம்மை கோட்டயத்துல இருந்து பஸ் பிடிச்சு வந்து அடிக்கும்."

ஆபீசர்

அதே நாள், ஷைனி இன்னும் கியூவுல நிக்கிறப்பவே ஆபீசர் வந்துட்டாரு. கூட வந்தவர் கையில பூட்டு. மதிய நேரம், சந்து நெறைய கூட்டம். நான் பக்கத்துக் கடைக்குப் பேப்பர் சாமான் டெலிவரி பண்ண வந்தவன், வடைச் சட்டிக்குப் பின்னாடி ஒளிஞ்சேன். ஆபீசர் கல்லாவுக்கு அடியில பார்த்தாரு, அடுப்புக்குப் பின்னாடி பார்த்தாரு, அரிசி மூட்டைக்குள்ள கை விட்டாரு. ஒண்ணும் இல்ல. அக்கா சாமி படத்தைப் பார்க்கிறாங்க, முருகேசன் மாமா வெங்காயத்தைப் பார்க்கிறாரு. "ஏனு இது டப்பா?"ன்னு கன்னடத்துல கேட்டுக்கிட்டே, கழுவறதுக்கு வெச்சிருந்ததுல ஒண்ணை எடுத்து மூடியைத் திறந்தாரு.

உள்ள நேந்திரங்கா சிப்ஸ். சிப்ஸைச் சுத்தி, நமுத்துப் போகக் கூடாதுன்னு ஷைனி ஆசையாக் கட்டின ஒரு மெல்லிசு பிளாஸ்டிக் கவர். ஆபீசர் கவரை ரெண்டு விரல்ல தூக்கிப் பிடிச்சு, பூட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தாரு. அப்போ ஷைனி கத்துச்சு, "சார், அது என்டே கவர்!" உடனே ஸ்ரீதர், "இல்ல சார், என்னோடது, நான்தான் குடுத்தேன்!" அவன் பின்னாடி இருந்த கன்னடப் பையன், "சார், நந்து, என்னுது சார்!" அதுக்குப் பின்னாடி சாதிக் பாய், சாப்பிட வந்தவரு, கையில தட்டோட, "சாப், அது மேரா!" சந்தே அந்த ஒரு கவருக்கு அடிச்சுக்குது. அடுப்புப் பக்கத்துல இருந்து ஒரு குரல் 'என்னுது சார்'னு வந்துச்சு, யாருன்னு பார்த்தா நான். ஆபீசர் எல்லாரையும் ஒரு சுத்து பார்த்தாரு. சிப்ஸ் ஒண்ணை எடுத்து வாயில போட்டாரு. கவரை மடிச்சுத் தன் பாக்கெட்டுல வெச்சுக்கிட்டு, பூட்டை உள்ள வைக்கச் சொல்லிட்டு, நல்ல தமிழ்லயே சொன்னாரு: "என் சர்வீஸ்ல பிளாஸ்டிக்கை என்னுது இல்லைன்னு சொன்னவங்களைத்தான் பார்த்திருக்கேன், இத்தனை பேர் என்னுதுன்னு சொன்னா நான் யாருக்கும்மா ஃபைன் போடுறது?"

பெங்களூரைக் காப்பாத்துனேன்னு நான் சொல்ல வரலைங்க, கூட்டிக் கழிச்சுப் பார்த்தா ஒரு நல்ல கஸ்டமரை இழந்ததுதான் மிச்சம், ஆனா அதுக்காக இத்தனை பேருக்கு நன்றிக்கடன் பட்ட சேல்ஸ்மேன் அனேகமா நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.